100 கிலோ டு 100 கிராம்... டீசலிலிருந்து கந்தகத்தைப் பிரிக்கும் குட்டி மணிகளின் கதை!

பெட்ரோல் பங்குக்கு டீசல் கொண்டுவரும் டேங்கர் லாரியைப் பார்த்திருப்பீர்கள். 12,000 லிட்டர் பிடிக்கும் லாரி என்று வைத்துக்கொள்வோம். உள்ளே இருக்கும் டீசலின் எடை ஏறக்குறைய 10 டன். 1995-ல் இப்படி ஒரு லாரி உங்கள் ஊருக்கு வந்திருந்தால், அந்த டீசலோடு 100 கிலோ வரை கந்தகமும் கலந்து வந்திருக்கலாம். அன்றைய விதிகள் அதை அனுமதித்தன. 100 கிலோ என்றால் இரண்டு சிமென்ட் மூட்டை!

இன்று அதே லாரியில் அதிகபட்சம் 100 கிராம் கந்தகம்தான் இருக்க வேண்டும். ஒரு லட்சம் பங்கு டீசலில் ஒரே ஒரு பங்கு. பங்கில் எழுதியிருக்கும் 'பி.எஸ்-6' என்பதற்குப் பின்னால் இருக்கும் கணக்கு இதுதான்.

மீதி 99 கிலோ 900 கிராமை வெளியே எடுத்தது யார்? சேமியாவை ஒடித்துப்போட்டதுபோல, சில மில்லிமீட்டர் நீளமே இருக்கும் குட்டிக் குட்டி மணிகள். பள்ளிக்கூட வேதியியலில் 'வினையூக்கி' என்று படித்திருப்போமே, அந்த வகையறா. சுத்திகரிப்பு ஆலைக்குள், பல மாடி உயர இரும்புக் கலனில் டன் கணக்கில் இவற்றைக் கொட்டி வைத்திருப்பார்கள். நம்மில் யாரும் நேரில் பார்த்திருக்க வாய்ப்பில்லை. ஆனால், தினமும் நாம் சுவாசிக்கும் காற்றில் இவற்றுக்குப் பங்கு இருக்கிறது.

டீசலில் ஏன் கந்தகம்?

யாரும் கலப்பதில்லை. கச்சா எண்ணெய் என்பது கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் மண்ணுக்குள் புதைந்த நுண்ணுயிர்களின் மிச்சம். உயிர் இருந்த இடத்தில் கந்தகமும் இருக்கும். நம் தலைமுடியிலும் முட்டையிலும்கூட இருக்கிறது. மும்பை ஹை, நம் நாகப்பட்டினம் பக்கத்து நரிமணம் ஆகிய இடங்களில் கிடைக்கும் எண்ணெயில் கந்தகம் குறைவு. வளைகுடா நாடுகளின் எண்ணெயில் அதிகம்; பல ரகங்களில் 2 சதவிகிதத்துக்கு மேலேயே இருக்கும். இந்தியா தனக்குத் தேவையான கச்சா எண்ணெயில் 85 சதவிகிதத்துக்கும் மேல் இறக்குமதிதான் செய்கிறது. கந்தகம் அதிகமுள்ள எண்ணெய் பொதுவாக விலை மலிவு. வாங்குகிறவர் எதை விரும்புவார் என்று சொல்லத் தேவையில்லை.

கந்தகம் எரிந்தால் சல்ஃபர் டை ஆக்ஸைடு. கண் எரியும், தொண்டை கரகரக்கும், ஆஸ்துமா இருப்பவர்களுக்கு மூச்சு இழுக்கும். அது காற்றில் கலந்த பிறகும் சும்மா இருப்பதில்லை. சல்ஃபேட் என்ற நுண்துகளாக மாறி நுரையீரலின் ஆழம் வரை போகும். டீசல் புகையை மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-ல் வகைப்படுத்தியது. பஸ் ஸ்டாப்பில் நிற்கும் ஒன்றாம் வகுப்புக் குழந்தையின் மூக்கு, பெரியவர்களின் மூக்கைவிட சைலன்ஸருக்குப் பக்கத்தில் இருக்கிறது என்பதையும் சேர்த்து யோசித்துக்கொள்ளுங்கள்.

சேர்த்துவைக்க அல்ல, பிரித்துவைக்க ஒரு தரகர்!

வினையூக்கிக்கு கல்யாணத் தரகரை உதாரணம் சொல்லும் வழக்கம் உண்டு. இரண்டு பேரைச் சேர்த்துவைப்பார், தான் அந்தக் குடும்பத்தில் சேரமாட்டார். இங்கே கதை கொஞ்சம் வில்லங்கமானது. டீசலில் கந்தகமும் கார்பனும் ஏற்கெனவே இறுகக் கட்டிக்கொண்டிருக்கின்றன. தரகரின் வேலை, அந்தக் கட்டைப் பிரித்து கந்தகத்தை ஹைட்ரஜனோடு அனுப்பிவைப்பது.

டீசலையும் ஹைட்ரஜன் வாயுவையும் சேர்த்து 350 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கி, கார் டயரில் இருப்பதைப்போல இருபது, முப்பது மடங்கு அழுத்தத்தில் அந்த மணிகளின் ஊடே பாய்ச்சுகிறார்கள். மணியின் உடம்பு அலுமினா. பார்ப்பதற்குக் கெட்டியாக இருந்தாலும் உள்ளே பஞ்சுபோல நுண்துளைகள். அந்தத் துளைகளின் சுவரில் மாலிப்டினம் என்ற உலோகமும், கூடவே கோபால்ட் அல்லது நிக்கலும் பூசப்பட்டிருக்கும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், கந்தகத்தை ஒழிக்கப்போகும் இந்த மணிகளுக்கு முதல் வேலையே கந்தகம் சாப்பிடுவதுதான். தொழிற்சாலையிலிருந்து வரும்போது கோபால்ட் ரகம் நீல நிறத்தில் இருக்கும். அப்படியே ஓட்டினால் சரியாக வேலை செய்யாது. கலனில் நிரப்பிய பிறகு, கந்தகம் நிறைந்த ஒரு நாற்றமடிக்கும் திரவத்தைச் செலுத்தி, மணிகளுக்குக் கந்தகம் ஊட்டுவார்கள். உலோகங்கள் சல்ஃபைடாக மாறி, மணிகள் கறுத்துப்போகும். அதன் பிறகுதான் இவை வேலைக்குத் தயார்.

கறுத்த மணிக்குள் என்ன நடக்கிறது? மாலிப்டினம் சல்ஃபைடு, அப்பளம்போல மெல்லிய தகடுகளாகப் படிந்திருக்கிறது. ஒவ்வொரு தகடும் ஒரு மில்லிமீட்டரின் லட்சத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் இருக்கும். தகட்டின் நடுப்பகுதி சோம்பேறி. எல்லா வேலையும் விளிம்பில்தான். விளிம்பில் உட்கார்ந்திருக்கும் ஒரு கந்தக அணுவை ஹைட்ரஜன் கிளப்பிக்கொண்டு போய்விடும். ஒரு நாற்காலி காலியாகும். டீசலில் மிதந்து வரும் மூலக்கூறு ஒன்று தன்னுடைய கந்தகத்தை அந்தக் காலி நாற்காலியில் உட்காரவைக்கும். ஹைட்ரஜன் வந்து கார்பன் கட்டைத் துண்டிக்கும். மூலக்கூறு கந்தகமில்லாமல் நகர்ந்துவிடும். நாற்காலியில் தங்கிய கந்தகத்தை அடுத்த ஹைட்ரஜன் கிளப்பும். மறுபடி காலி. இந்த மியூசிக்கல் சேர் ஆண்டுக்கணக்கில் ஓடும்.

கோபால்ட்டுக்கு என்ன வேலை என்பது ரொம்ப காலம் புதிராக இருந்தது. அது அந்த விளிம்பிலேயே போய் ஒட்டிக்கொண்டு, நாற்காலி காலியாவதைச் சுலபமாக்குகிறது என்பதை டென்மார்க்கின் டாப்ஸோ நிறுவன விஞ்ஞானிகள் 1970-களின் இறுதியிலும் 80-களிலும் நிரூபித்தார்கள். பிறகு அதே நாட்டின் ஆர்ஹஸ் பல்கலைக்கழகத்தில், அணுக்களையே படம்பிடிக்கும் நுண்ணோக்கியில் இந்தத் தகடுகள் முக்கோணம் முக்கோணமாகத் தெரிந்தன. உலகம் முழுக்கப் பல ஆண்டுகளாக டன் டன்னாகப் பயன்படுத்திக்கொண்டிருந்த ஒரு பொருளின் முகத்தை, அதன் பிறகுதான் பார்த்தார்கள்!

கடைசி 40-ல்தான் கஷ்டம்

இந்தியாவில் கந்தகத்தின் அளவு படிப்படியாகத்தான் இறங்கியது. 90-களின் நடுவில் டீசலில் 10 லட்சம் பங்குக்கு 10,000 பங்கு. 2000-ம் ஆண்டு விதிகளில் 2,500. பி.எஸ்-2 வந்தபோது 500. பி.எஸ்-3-ல் 350. பி.எஸ்-4-ல் 50. இப்போது 10. எண்களைப் பார்த்தால் கடைசிப் படிதான் சின்னதாகத் தெரிகிறது, வெறும் 40. ஆலைக்காரர்களைக் கேட்டால் அதுதான் பெரிய மலை என்பார்கள்.

காரணம், கந்தக மூலக்கூறுகளில் எல்லாமே ஒரே குணம் கிடையாது. சில, தட்டினாலே விட்டுவிடும். சில மகா பிடிவாதம். அதில் முதல் பரிசு பெறுவதன் பெயர், 4,6-டைமெத்தில் டைபென்ஸோதயோஃபீன். பெயரை மறந்துவிடலாம், உருவத்தை மட்டும் நினைத்துப் பாருங்கள். கந்தக அணுதான் வீட்டு வாசல். அதன் இரண்டு பக்கமும் ஆளுக்கொரு மெத்தில் கூட்டம், திண்ணையில் கால் நீட்டி உட்கார்ந்திருக்கும் பெரிசுகள்போல வழியை அடைத்துக்கொண்டிருக்கிறது. வினையூக்கியின் விளிம்பு வாசலை நெருங்கவே முடியாது. 500-லிருந்து 50-க்கு வரும்வரை இவர்களைத் தொடாமலே ஓரளவு சமாளிக்கலாம். 10 என்றால், இவர்களை எழுப்பியே ஆக வேண்டும்.

அதற்கு நிக்கல் கலந்த மணிகள் கைகொடுக்கின்றன. இவை நேரடியாக வாசலுக்குப் போகாமல், முதலில் மூலக்கூறின் தட்டையான வளையத்தில் ஹைட்ரஜனை ஏற்றுகின்றன. வளையம் தட்டையாக இல்லாமல் வளைந்து நெளிகிறது. பெரிசுகள் கொஞ்சம் நகர்கிறார்கள். அந்த இடைவெளியில் கந்தகத்தைப் பிடித்து இழுத்துவிடலாம். ஆனால், ஹைட்ரஜன் அதிகம் செலவாகும், அழுத்தமும் அதிகம் வேண்டும், கலனும் பெரிதாக வேண்டும். பி.எஸ்-6 எரிபொருளுக்காக இந்திய ஆலைகள் போட்ட முதலீடு சுமார் 35,000 கோடி ரூபாய் என்று அப்போது சொல்லப்பட்டதில் ஆச்சர்யமில்லை.

பெட்ரோலில் தலைவலி வேறு மாதிரி. ஹைட்ரஜனை இஷ்டத்துக்கு ஏற்றினால் கந்தகத்தோடு சேர்ந்து ஆக்டேனும் இறங்கிவிடும்; இன்ஜின் தட்டும். அதனால், கந்தகத்தை மட்டும் பார்த்துத் தொடும் தனி ரக வினையூக்கிகள் தேவைப்படுகின்றன. இந்தியன் ஆயிலின் ஃபரிதாபாத் ஆய்வு மையம் இதற்காக 'இண்ட்அடெப்ட்-ஜி' என்ற முறையை உருவாக்கியிருக்கிறது. அசாமின் குவாஹாட்டி ஆலையில் அமைக்கப்பட்டது. டீசலுக்கு அவர்கள் தயாரிக்கும் வினையூக்கியின் பெயர், 'இண்டிகேட்'.

டீசலில் இன்னொரு எதிர்பாராத விஷயமும் நடந்தது. கந்தகத்தைக் கறாராக நீக்கும்போது, டீசலுக்கு இயற்கையாகவே இருக்கும் வழவழப்பைத் தரும் பொருள்களும் கூடவே போய்விடுகின்றன. 1990-களின் தொடக்கத்தில் சுவீடன் முந்திக்கொண்டு கந்தகம் மிகக் குறைந்த டீசலை விற்கத் தொடங்கியபோது, வண்டிகளின் எரிபொருள் பம்ப்புகள் தேய்ந்து பழுதாகின. அதிலிருந்து, சுத்தம் செய்த டீசலில் வழவழப்புக்கென்று தனியாக ஒரு பொருளைச் சேர்க்கிறார்கள். எண்ணெய்க்குளியல் முடித்து சீயக்காய் போட்டுத் தேய்த்த தலையில் மறுபடி ஒரு சொட்டு எண்ணெய் தடவுவதுபோல!

சரி, ஏன் சரியாக 10?

50 போதாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பதில், உங்கள் வண்டியின் சைலன்ஸருக்குள் இருக்கிறது.

அங்கேயும் ஒரு வினையூக்கி உண்டு. பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் என்று தங்கக்கடையில் பேச வேண்டிய பெயர்கள். இன்ஜினிலிருந்து வரும் கார்பன் மோனாக்ஸைடு, நைட்ரஜன் ஆக்ஸைடு போன்றவற்றை வெளியே போவதற்குள் பெருமளவு குறைப்பது இவைதான். ஆலையில் இருக்கும் வினையூக்கி கந்தகத்தைச் சாப்பிட்டு வளர்வது. இதற்கோ கந்தகம் விஷம். புகையோடு வரும் கந்தகம் இந்த உலோகங்களின் மேல் அப்பிக்கொண்டு வேலை செய்யவிடாமல் அடைத்துவிடும். டீசல் வண்டிகளில் கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டிக்கும், நைட்ரஜன் ஆக்ஸைடைக் குறைக்கும் அமைப்புக்கும் இதே பிரச்னை.

இந்த நாடகத்தின் முதல் காட்சி ஈயத்தோடு நடந்தது. 1995 ஏப்ரலில் டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை நகரங்களில் புதிய கார்களுக்கு இந்தக் கருவி வந்தபோதே, ஈயம் கலக்காத பெட்ரோலும் வர வேண்டியிருந்தது. ஈயம் கருவியைச் சாகடித்துவிடும். 2000 பிப்ரவரியில் நாடு முழுக்க ஈய பெட்ரோலுக்கு விடைகொடுத்தார்கள். அடுத்த காட்சிதான் கந்தகம்.

ஆக, புது வண்டியை மட்டும் மாற்றிப் பயனில்லை, எரிபொருளை மட்டும் மாற்றியும் முழுப் பயனில்லை. இரண்டும் ஒன்றாக வந்தாக வேண்டும். அதனால்தான் 2016 ஜனவரியில் மத்திய அரசு, பி.எஸ்-5 என்ற படியையே தாண்டி நேராக 6-க்குப் போவதாக அறிவித்தது. டெல்லிக்கு மட்டும் 2018 ஏப்ரலிலேயே 10 பங்கு எரிபொருள் வந்துவிட்டது. 2020 ஏப்ரல் 1-க்குப் பிறகு நாட்டில் எங்கும் பி.எஸ்-4 வண்டிகளை விற்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் தீர்ப்பளித்தது. வண்டி நிறுவனங்கள் கூடுதல் அவகாசம் கேட்டுப் பார்த்தன. நீதிமன்றம் அந்தத் தேதியை மாற்ற சம்மதிக்கவில்லை. நாள் வந்தபோது ஊரே கொரோனா ஊரடங்கில் இருந்தது. சாலையில் வண்டியே இல்லாத ஒரு வாரத்தில் நாடு முழுக்க எரிபொருள் மாறியது பலருக்குத் தெரியவே தெரியாது.

பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரி: பி.எஸ்-6 டீசலைப் பழைய லாரியில் ஊற்றினால் கந்தகப் புகை குறையும். ஆனால் வடிகட்டியும் கருவியும் இல்லாத வண்டியில் கரும்புகை நின்றுவிடாது. நம் சாலைகளில் இன்னும் அப்படிப்பட்ட வண்டிகள் நிறையவே ஓடுகின்றன. பாதி வெற்றிதான் கிடைத்திருக்கிறது என்பது என் எண்ணம்.

எடுத்த கந்தகம் எங்கே போகிறது?

இந்தியா இப்போது ஆண்டுக்குச் சுமார் 9 கோடி டன் டீசல் எரிக்கிறது. பழைய 1 சதவிகிதக் கணக்கே நீடித்திருந்தால் அதில் 9 லட்சம் டன் கந்தகம் இருந்திருக்கும். இன்றைய வரம்பில் 900 டன். மிச்சத்தை எங்கே வைப்பது?

கலனிலிருந்து கந்தகம் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவாக வெளியேறுகிறது. அழுகிய முட்டை வாடை. அளவு கூடினால் ஆளைக் கொல்லும். அதைவிடக் கொடுமை, அளவு கூடும்போது மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாமல் போய்விடும். இந்த வாயுவைத் தனியே பிடித்து, 1883-ல் காப்புரிமை பெற்ற கிளாஸ் முறையில் மஞ்சள் கந்தகமாக மாற்றுகிறார்கள். ஒரு காலத்தில் கந்தகத்துக்காகச் சுரங்கம் தோண்டினார்கள். இன்று உலகச் சந்தைக்கு வரும் கந்தகத்தில் பெரும்பகுதி, எண்ணெயையும் இயற்கை எரிவாயுவையும் சுத்தம் செய்யும்போது கிடைப்பதுதான்.

அது கந்தக அமிலமாகி உரத் தொழிற்சாலைக்குப் போகிறது. டயர் ரப்பரை இறுக்கப் போகிறது. பட்டாசுக்கும் தீக்குச்சிக்கும் கந்தகம் வேண்டும். நம் நாட்டுச் சர்க்கரை ஆலைகள் பலவற்றில் கரும்புச் சாற்றை வெளுக்கவைப்பதும் கந்தகத்தை எரித்து வரும் வாயுதான். லாரியின் டேங்க்கில் இருக்கக் கூடாது என்று வெளியேற்றிய பொருள், அதே லாரியின் டயருக்கோ, டிரைவர் குடிக்கும் டீயின் சர்க்கரைக்கோ வேறு வழியில் வந்து உதவியிருக்கலாம். இன்னொன்று: வீட்டு கேஸ் சிலிண்டர் கசிந்தால் ஒரு நாற்றம் வருமே, அது கசிவு தெரிய வேண்டும் என்று வேண்டுமென்றே கலக்கப்படும் கந்தகச் சேர்மம்.

இந்தச் சுத்தத்துக்கு ஒரு விலையும் இருக்கிறது. மணிகளுக்கு ஊட்டும் ஹைட்ரஜன் பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்தோ நாப்தாவிலிருந்தோதான் தயாராகிறது. ஒரு கிலோ ஹைட்ரஜன் தயாரிக்க ஏறக்குறைய 9, 10 கிலோ கார்பன் டை ஆக்ஸைடு காற்றில் கலக்கிறது. கடல் பக்கமும் கொஞ்சம் பாருங்கள். துறைமுக வாசலில் நிற்கும் கன்டெய்னர் லாரிக்கு 10 பங்கு. அந்த கன்டெய்னரை இறக்கிய கப்பலுக்கு? 2020 ஜனவரியில் சர்வதேச விதி கடுமையான பிறகும் 5,000 பங்கு வரை அனுமதி. 500 மடங்கு! அதற்கு முன் 35,000.

நைட்ரஜனுக்குள் இறங்கும் மனிதர்கள்

மணிகளுக்கும் ஆயுள் உண்டு. சில ஆண்டுகளில் கரி படிந்து, கச்சா எண்ணெயில் வரும் நிக்கல், வனேடியம் போன்ற உலோகங்களும் படிந்து துளைகள் அடைபடும். அப்போது கலனைத் திறந்து பழையதை அள்ளிவிட்டு, புதியதைக் கொட்ட வேண்டும். சொல்வதற்கு எளிது.

பயன்படுத்திய மணிகளோடு இரும்பு சல்ஃபைடும் சேர்ந்திருக்கும். அது காற்றுப் பட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது. அதனால் கலனுக்குள் காற்றே இல்லாமல், முழுக்க நைட்ரஜனை நிரப்பி வைப்பார்கள். உறிஞ்சு குழாய்களால் அள்ளியது போக, ஒட்டிக் கெட்டியானதை உடைத்து எடுக்க ஆள் இறங்கத்தான் வேண்டும். இதற்கென்றே பயிற்சி பெற்றவர்கள், பூட்டிய ஹெல்மெட்டும் வெளியிலிருந்து குழாய் வழியே வரும் காற்றுமாக உள்ளே போகிறார்கள். ஒரு குழாய் தவறினால் இன்னொன்று இருக்க வேண்டும். வெளியே ஒருவர் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டும், பேசிக்கொண்டும் இருக்க வேண்டும்.

நைட்ரஜனுக்கு நிறமில்லை, மணமில்லை. நாம் சுவாசிக்கும் காற்றிலேயே 78 சதவிகிதம் அதுதான். அதனால்தான் ஆபத்து. மூச்சடைத்தால் நாம் திணறுவது ஆக்ஸிஜன் குறைந்ததால் அல்ல, உடம்பில் கார்பன் டை ஆக்ஸைடு சேர்வதால். நைட்ரஜனுக்குள் நிற்பவரின் உடம்பு வழக்கம்போல கார்பன் டை ஆக்ஸைடை வெளியேற்றிக்கொண்டே இருக்கும், திணறலே வராது. ஓரிரு மூச்சிலேயே நினைவு போய்விடும். விழுந்தவரைக் காப்பாற்ற அவசரத்தில் கவசமில்லாமல் குதிப்பவரும் விழுவார். நம் ஊர்க் கழிவுநீர்த் தொட்டி மரணங்களில் நாம் திரும்பத் திரும்பப் படிக்கும் அதே வரிசை. கருவிகளும் விதிகளும் இல்லாமல் இந்த வேலையை யாரும் செய்யக் கூடாது, செய்யச் சொல்லவும் கூடாது.

வெளியே எடுத்த மணிகள் சட்டப்படி அபாயகரமான கழிவு. மூடிய கலங்களில் அடைத்து, மாலிப்டினத்தையும் கோபால்ட்டையும் பிரித்தெடுக்கும் இடங்களுக்கு அனுப்பலாம். இரண்டுமே விலை உயர்ந்த உலோகங்கள். காலியான கலனில் அடுத்த லோடு மணிகளைச் சீராகப் பரப்புவார்கள். ஓரிடத்தில் நெருக்கமாகவும் இன்னோரிடத்தில் தளர்வாகவும் விழுந்துவிட்டால், டீசல் தளர்வான பக்கமே ஓடி, கந்தகத்தோடு தப்பித்துவிடும். பிறகு மூடியை இறுக்கி, கசிவு பார்த்து, சூடேற்றத் தொடங்குவார்கள். நாற்றமடிக்கும் அந்தத் திரவம் உள்ளே போகும். நீல மணிகள் மெள்ள மெள்ளக் கறுக்கத் தொடங்கும்.